திரை ‘இன்னும் 2 நிமிடம்’ என்கிறது, வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? சர்வீஸ் கடைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வட சென்னையில் பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையிலோ போட்டோ ஸ்டூடியோவிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், கவுன்ட்டரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி விலை பற்றியது இல்லை. “எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?” என்பதுதான்.

கேட்பவர் எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருப்பார். மணலியில் மதிய ஷிப்டுக்குப் போக வேண்டியவராக இருக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போக வேண்டியவராகவும் இருக்கலாம். நீங்கள் திரையை எட்டிப் பார்த்து “ரெண்டு நிமிஷம்தாண்ணா” என்றால் அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்த இரண்டு நிமிடம் ஒன்றரை மணி நேரமாக நீண்டால் அவருடைய அரை நாள் போய்விடுகிறது. முதலிலேயே “ரெண்டு மணி நேரம் ஆவும்” என்று சொல்லியிருந்தால் எம்.சி. ரோட்டில் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு நிதானமாக வந்திருப்பார். அவர் கம்ப்யூட்டரைக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. நேரம் சொன்னது நீங்கள்.

அதனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுத்தருவது ஓ.எஸ். போடுவதையோ ரேம் மாற்றுவதையோ அல்ல. வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டித் திரையில் ஓடுகிற பட்டையைப் (ப்ராக்ரஸ் பார்) பார்த்து, அது சொல்லும் நேரத்தை அப்படியே வாடிக்கையாளரிடம் ஒப்பிக்காமல், வேலையைத் தானே அளந்து நேரம் சொல்வதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். நான்காம் வகுப்புக் கணக்குக்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

அந்த ‘மீதி நேரம்’ எங்கிருந்து வருகிறது

நூறு ஜி.பி. காப்பி ஆக வேண்டும், இருபது முடிந்தது என்றால் மீதி எண்பது. கடைசிச் சில நொடிகளில் என்ன வேகத்தில் போனதோ, அதே வேகத்தில் மீதியும் போகும் என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்கிறது. எண்பதை அந்த வேகத்தால் வகுக்கிறது. பெரும்பாலான கருவிகள் செய்வது இவ்வளவுதான். மிகச் சமீபத்திய வேகத்தை மட்டும் பார்த்தால் நேரம் நொடிக்கு நொடி எகிறிக் குதிக்கும். தொடக்கத்திலிருந்து வந்த சராசரியை எடுத்தால் குதிக்காது, ஆனால் வேகம் விழுந்தது தெரியவே நெடுநேரம் ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவை ஒவ்வொரு கருவியும் தனக்கென்று வைத்திருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் வழியாக பைக்கில் போகும் ஒருவர், முதல் அரை கிலோமீட்டரை ஓட்டிய வேகத்தை வைத்து “பத்து நிமிஷத்துல வந்துடறேன்” என்று போனில் சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும். தூரமும் சரி, இதுவரை வந்த வேகமும் சரி. கூட்ஸ் வண்டிக்காகக் கேட் மூடியிருக்குமா என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

பட்டையை எழுதியவர்கள் ஏமாற்ற நினைத்து இப்படிச் செய்யவில்லை. 1985இல் பிராட் மையர்ஸ் என்ற ஆய்வாளர், வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்று காட்டும் பட்டைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பட்டை இருக்கும் திரையைத்தான் மக்கள் விரும்பினார்கள் என்று அவருடைய சோதனையில் தெரிந்தது. இயந்திரம் செத்துவிடவில்லை, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையை அது தருகிறது. பத்து நொடிக்கு மேல் ஆகும் எந்த வேலைக்கும் இப்படி ஓர் அறிகுறி வேண்டும் என்பது ஜேக்கப் நீல்சன் எழுதிப் பரவிய விதி. பிறகு 2007இல் கிறிஸ் ஹாரிசனும் உடன் ஆய்வாளர்களும் வேறு ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவு நேரம் எடுக்கும் பட்டைகளிலும், கடைசியில் வேகமெடுக்கும் பட்டை சீக்கிரம் முடிந்ததுபோலவும், கடைசியில் தயங்கி நிற்கும் பட்டை நெடுநேரம் ஆனதுபோலவும் மக்களுக்குத் தோன்றியது. பட்டை காத்திருப்பவரின் மனத்துக்காகவும் வரையப்படுகிறது என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல கருவி. மணி சொல்ல அதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

முதல் படி: வேலையைத் தொடங்கும் முன் மூன்றைக் குறியுங்கள்

காப்பி பட்டனை அழுத்துவதற்கு முன் ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறவுங்கள். மொத்தம் எத்தனை ஜி.பி., எத்தனை ஃபைல் என்று இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றாவதாக, எதிலிருந்து எதற்கு, எந்த போர்ட் வழியாக என்று எழுதுங்கள்.

இந்த மூன்றாவதைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு கல்யாண ஆல்பம் வேலை 120 ஜி.பி. என்று வைத்துக்கொள்வோம். யு.எஸ்.பி. 2.0 போர்ட்டின் ஏட்டளவு வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்.பி. நடைமுறையில் 30, 35 எம்.பி. கிடைத்தாலே நல்லது. 32 என்று எடுத்தால் 120 ஜி.பி.க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை உள்ளே நீல நிறம் தெரியும் யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் செருகினால் நொடிக்கு 100 எம்.பி. அளவுக்கு வரும், 20 நிமிடத்தில் முடிந்துவிடும். முன்பக்கத்து 2.0 போர்ட் கைக்கு வசதியாக இருக்கிறது என்று அதில் செருகுவதால் வாடிக்கையாளரின் நாற்பது நிமிடம் வீணாகிறது. ஒயரையும் பாருங்கள். பழைய 2.0 கேபிளைப் போட்டால் நீல போர்ட்டால் பயனில்லை.

இந்தக் கணக்கில் வருவது ‘இதற்குக் கீழே போக முடியாது’ என்ற எல்லை. அளவை, கிடைக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தால் வகுத்தால் வரும் நேரத்தைவிடக் குறைவாகத் திரை காட்டினால் அதை அப்போதே தள்ளிவிடலாம். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கை முழுவதுமாகப் படிக்க வேண்டிய எந்த வேலையும், நொடிக்கு 100 எம்.பி. என்றால் 10,000 நொடி, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் எடுக்கும். டிஸ்க் ஸ்கேனோ குளோனோ (முழு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகலெடுப்பது), எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் சரி, “அரை மணி நேரத்தில் முடியும்” என்று அது சொன்னால் நம்பாதீர்கள்.

தொடங்கும் முன் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். லேப்டாப் ஸ்லீப்புக்குப் போகாதபடி பவர் செட்டிங்கை மாற்றுங்கள். நம் பக்கம் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடை யு.பி.எஸ். சுமார் 10, 15 நிமிடம்தான் தாங்கும். ஒரு மணி நேர வேலையை அதன் தைரியத்தில் தொடங்குகிறோம் என்பதை மறக்காமல், கட் செய்து பேஸ்ட் செய்வதை அறவே தவிருங்கள். காப்பிதான். பாதியில் கரண்ட் போனால் மூல ஃபைல்கள் அப்படியே இருக்கும். கட் செய்தது பாதியில் நின்றால் எது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் பொழுது போய்விடும்.

இரண்டாம் படி: சதவீதம் எதில் என்று கேளுங்கள்

திரையில் 60 என்று இருக்கிறது. எதில் அறுபது? ஜி.பி.யிலா, ஃபைல் எண்ணிக்கையிலா, செய்ய வேண்டிய வேலைகளின் எண்ணிக்கையிலா, இப்போது ஓடும் ஒரே ஒரு ஃபைலிலா?

விண்டோஸின் காப்பி பெட்டியில் ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்தினால் வேக வரைபடமும், மீதமுள்ள ஐட்டங்களின் எண்ணிக்கையும், மீதமுள்ள ஜி.பி.யும் தெரியும். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து இந்த வசதி இருக்கிறது. எப்போதும் அதைத் திறந்தே வையுங்கள். மேலே ஓடும் சதவீதத்தைவிட அந்தக் கீழ் வரிகள் நம்பகமானவை. அவை ஊகம் கிடையாது, எண்ணி எடுத்தவை.

காப்பி செய்ய ரோபோகாப்பி என்ற விண்டோஸ் கட்டளையைப் பயன்படுத்தும் கடைகள் உண்டு. அதில் ஓடும் சதவீதம் அந்த ஒரு ஃபைலுக்கு உரியது. 100 வந்ததும் அடுத்த ஃபைல் 0-விலிருந்து தொடங்கும். தெரியாதவர் “முடிஞ்சுதுண்ணா” என்று சொல்லிவிடுவார்.

சாஃப்ட்வேர் இன்ஸ்டால் ஆகும்போது ஓடும் பட்டை இன்னொரு வகை. பட்டியலில் உள்ள வேலைகளில் எத்தனை முடிந்தன என்று அது எண்ணுகிறது. ஐம்பது சின்ன ஃபைல்களை ஃபோல்டரில் போடுவது ஐம்பது வேலை. பெரிய டேட்டாபேஸ் ஒன்றைக் கட்டியெழுப்புவது ஒரே வேலை. 95 வரை ஓடி வந்து அங்கேயே பத்து நிமிடம் நின்றால், அந்த ஒரே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆன்டிவைரஸ் ஸ்கேனில் மொத்தம் எத்தனை ஃபைல் என்பதே ஸ்கேன் ஓட ஓடத்தான் தெரியும், ஒரு ஜிப் ஃபைலுக்குள் ஆயிரம் ஃபைல் இருக்கும். அதனால் பட்டை பின்னால் வருவதுபோலக்கூடத் தெரியும்.

டிஸ்க்கைப் பரிசோதிக்கும் செக்டிஸ்க் இந்த விஷயத்தில் நேர்மையானது. இப்போதைய விண்டோஸில் இந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம், மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் தனித்தனியே காட்டும். மொத்தத்தை மட்டும் பாருங்கள். முழுப் பரிசோதனை என்றால் ஐந்து கட்டம் உண்டு, கடைசி இரண்டில் ஃபைல்களையும் காலி இடத்தையும் படிக்கும். முதல் மூன்று கட்டம் சட்டென்று முடிந்ததைப் பார்த்து மீதியையும் அதே வேகத்தில் எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாம் படி: இரண்டு முறை பாருங்கள், நடுவில் 5 நிமிடம் விடுங்கள்

முதல் இரண்டு நிமிடம் திரை சொல்லும் எந்த நேரத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்த்து மீதமுள்ள ஜி.பி.யை எழுதுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள்.

10:15க்கு மீதி 84 ஜி.பி. 10:20க்கு மீதி 75 ஜி.பி. ஐந்து நிமிடத்தில் 9 ஜி.பி. போயிருக்கிறது. 75-ஐ 9-ஆல் வகுத்து ஐந்தால் பெருக்கினால் 42 நிமிடம் வருகிறது. திரை அந்த நேரத்தில் 20 என்று காட்டினாலும் ஒரு மணி நேரம் என்று காட்டினாலும் உங்கள் கணக்கு 42தான்.

இதோடு கால் பங்கு கூட்டிக்கொள்ளுங்கள், 50 நிமிடத்தைத் தாண்டும். ஏன் கூட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. வேகம் வழியில் குறைவதுதான் வழக்கம். கூடுவது அரிது. ஹார்ட் டிஸ்க்கின் வெளிவட்டத்தில் படிக்கும் வேகத்தைவிட உள்வட்டத்தில் வேகம் குறைவு. முழு டிஸ்க்கைக் குளோன் எடுக்கும்போது தொடக்கத்தில் 140 எம்.பி. வந்தது கடைசியில் அதில் பாதிக்கு வருவது இயல்பு. விலை மலிந்த எஸ்.எஸ்.டி.க்களில் முதலில் எழுதுவதை வாங்கிக்கொள்ள வேகமான பகுதி ஒன்று இருக்கும். அது நிறைந்ததும் வேகம் சரிந்துவிடும். பென் டிரைவின் கதையும் அப்படித்தான். தொடக்கத்தில் 60, 70 என்று காட்டிவிட்டு நொடிக்கு 8 எம்.பி.யில் போய் நிற்பவை ஏராளம். 10 ஜி.பி.யை 8 எம்.பி. வேகத்தில் எழுத 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். தொடக்கத்தைப் பார்த்தவர் மூன்று நிமிடம் என்று சொல்லியிருப்பார்.

சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் ஜி.பி.யை விட்டுவிட்டு ஐட்டம் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடுங்கள். போனிலிருந்து எடுத்த வாட்ஸ்அப் போட்டோக்கள் 40,000 இருக்கின்றன, எல்லாம் சேர்த்து 6 ஜி.பி.தான் என்றால், ஒரே வீடியோவாக இருந்தால் ஒரு நிமிடத்தில் போயிருக்கும் அளவு அது. ஆனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பது, பெயர் பதிவது, மூடுவது என்று தனி வேலை உண்டு. நொடிக்கு 50 ஃபைல் போனால் 800 நொடி, 13 நிமிடம். ஃபோல்டரில் போட்டோக்களும் பெரிய வீடியோக்களும் கலந்திருந்தால் திரை ஒரு நேரம் இரண்டு மணி நேரம் என்று காட்டும், அடுத்த நொடி பத்து நிமிடம் என்று காட்டும். அப்போது இரண்டையும் தனித்தனியாகக் காப்பி செய்யுங்கள். கணக்கும் சுலபம், மேற்பார்வையும் சுலபம்.

நான்காம் படி: சொல்லும் முறை

ஒற்றை எண் சொல்லாதீர்கள். இதிலிருந்து இதற்குள் என்று சொல்லுங்கள், திரும்பப் பார்க்கும் நேரத்தையும் சொல்லுங்கள்.

“அண்ணா, முக்கால் மணியில இருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் ஆவும். நீங்க வேலை இருந்தா பார்த்துட்டு வாங்க. பத்தே முக்காலுக்கு ஒருதபா பார்த்துட்டு நானே போன் பண்றேன்.”

“இன்னாப்பா, அதுல ஏழு நிமிஷம்னு போட்டிருக்கு?”

“அது இப்போ போற வேகத்துக்குச் சொல்லுதுண்ணா. உள்ள சின்னச் சின்ன போட்டோ நிறைய இருக்கு, அங்க போனா மெதுவாவும். அதான் சேர்த்துச் சொல்றேன்.”

திரையை வாடிக்கையாளரும் பார்த்துக்கொண்டிருப்பார், கேட்பது அவர் உரிமை. ஒரே வரியில் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்வார். “அதெல்லாம் அப்படித்தான்” என்று சொல்லிவிடாதீர்கள். கடிகாரம் 10:45 ஆனதும் போன் செய்வதுதான் முக்கியம். வேலை தள்ளிப்போகிறது என்று தெரிந்த நொடியில் சொல்லிவிட்டால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அவர் வந்து நின்ற பிறகு சொன்னால்தான் கோபம் வருகிறது, அந்தக் கோபம் நியாயமானதும்கூட.

ஐந்தாம் படி: பட்டை நின்றுவிட்டால்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மற்ற இடத்தில் தவறினால் நேரம்தான் போகும். இங்கே தவறினால் ஒருவருடைய அப்பாவின் கடைசி போட்டோ போய்விடும்.

பட்டை அசையவில்லை என்றால் முதலில் கேன்சல் பட்டனிலிருந்து கையை எடுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே மூன்று விஷயம் தெரியும்: டிஸ்க் எத்தனை சதவீத நேரம் வேலையில் இருக்கிறது, நொடிக்கு எவ்வளவு படிக்கிறது எழுதுகிறது, ஒரு கோரிக்கைக்குப் பதில் தர எத்தனை மில்லிநொடி எடுக்கிறது.

படிக்கும் வேகமும் எழுதும் வேகமும் ஓடிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது. பட்டைதான் பின்தங்கியிருக்கிறது. காத்திருங்கள். எல்லாமே பூஜ்யம், பிராசசரும் சும்மா இருக்கிறது என்றால், எங்கோ ஒரு பெட்டி ‘இந்த ஃபைலை மாற்றவா வேண்டாமா’ என்று கேட்டுவிட்டு வேறொரு ஜன்னலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சுருக்கிப் பாருங்கள். ‘நின்றுபோச்சு’ என்று சொல்லப்படும் வேலைகளில் கணிசமானவை பதிலுக்காகக் காத்திருப்பவையே.

மூன்றாவது நிலைதான் ஆபத்து. டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருக்கிறது, ஆனால் வேகம் பூஜ்யம் அல்லது பூஜ்யத்துக்குப் பக்கத்தில், பதில் நேரம் ஆயிரக்கணக்கான மில்லிநொடி. காதைப் பக்கத்தில் வைத்தால் டிக் டிக்கென்று சத்தமும் கேட்கலாம். கெட்டுப்போன செக்டரை (டேட்டா பதியும் சிறு பகுதி) டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது என்று பொருள். இங்கே ‘இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்’ என்ற பொறுமை கெடுதல் செய்யும். சாகும் நிலையில் உள்ள டிஸ்க்குக்கு ஒவ்வொரு முயற்சியும் கூடுதல் பளு.

காப்பியை நிறுத்துங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர், நிலுவையில் உள்ள செக்டர் என்ற இரண்டு வரியில் ஏதாவது ஒன்று பூஜ்யமாக இல்லையென்றாலும் கடை மூத்தவரைக் கூப்பிடுங்கள். அந்த டிஸ்க்கில் செக்டிஸ்க் ஓட்டவே கூடாது. டேட்டாவை எடுக்கும் முன் ரிப்பேர் செய்வது முறையல்ல. இதற்கு லினக்ஸ் என்ற ஓ.எஸ்.ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி இருக்கிறது. முதல் சுற்றில் நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். எது முடிந்தது என்று ஒரு வரைபட ஃபைலில் குறித்துவைப்பதால் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மீதி நேரத்தோடு, ‘கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எவ்வளவு நேரம் ஆயிற்று’ என்றும் அது காட்டும். எல்லா சாஃப்ட்வேரிலும் இந்த ஒரு வரி இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மீதி நேரம் ஊகம், இது நடந்த உண்மை.

இந்த நிலையில் உள்ள டிஸ்க்குக்கு வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கே சொல்லாதீர்கள். “அக்கா, டிஸ்க் அடி வாங்கியிருக்கு. எவ்ளோ வரும்னு முதல்ல பார்க்கணும். நாளைக்குச் சாயந்திரம் இன்னா வந்திருக்குன்னு சொல்றேன்” என்று சொல்லுங்கள். பார்க்காத பொருளுக்கு உறுதி தர வேண்டாம்.

விண்டோஸ் அப்டேட், டவுன்லோட், வீடியோ

2011இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் நம் கடைகளுக்கு வருகின்றன. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப்பில் விண்டோஸின் பெரிய அப்டேட் சில மணி நேரம் எடுப்பது வழக்கம். 30இல் நிற்கும், ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி ஓடும். அந்தத் திரையில் டாஸ்க் மேனேஜர் திறக்காது. டிஸ்க் விளக்கு மின்னுகிறதா என்று மட்டும் பாருங்கள். அது மின்னிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனைத் தொடாதீர்கள். சார்ஜர் செருகியிருக்கட்டும். இதற்கு “சாயந்திரம் வாங்க” என்பதைத் தவிர வேறு நேரம் சொல்லாதீர்கள்.

அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். லினக்ஸில் பென் டிரைவுக்குக் காப்பி செய்யும்போது ஒன்று கவனம். பட்டை முடிந்துவிட்டதாகக் காட்டினாலும் டேட்டா மெமரியில் இருந்துகொண்டு பின்னணியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். ‘எஜெக்ட்’ கொடுத்து, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகுதான் உருவ வேண்டும்.

டவுன்லோடில் பிட்டும் பைட்டும் குழம்பக் கூடாது. 100 மெகாபிட் லைன் என்றால் நொடிக்கு 12.5 எம்.பி. ஐந்தரை ஜி.பி. விண்டோஸ் ஃபைல் எட்டு நிமிடத்துக்குள் வர வேண்டும். தெருவே வீடியோ பார்க்கும் இரவு நேரத்தில் 3 எம்.பி.யாக விழுந்தால் அரை மணி நேரம். சில டவுன்லோடுகளில் மீதி நேரமே காட்டாது, வந்த அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மொத்த அளவை சர்வர் சொல்லவில்லை என்று அர்த்தம், பிரவுசரின் குறை இல்லை. சர்ட்டிபிகேட் அப்லோடு செய்யும்போது 100 வந்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தால், ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே சரிபார்க்கிறார்கள். பணம் கட்டும் பக்கத்தில் வெறும் வட்டம் சுற்றும்போது ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள். வங்கியிலிருந்து மெசேஜ் வந்ததா என்று வாடிக்கையாளரின் போனைப் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள்.

ஸ்டூடியோவில் இருப்பவர்களுக்கு: வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும்போது சதவீதத்தைவிட ஃபிரேம் கணக்கு உதவும். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேர வீடியோவில் 90,000 ஃபிரேம். நொடிக்கு 40 ஃபிரேம் முடிந்தால் 37 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் எஃபெக்ட் போட்ட பாட்டுப் பகுதி வந்தால் வேகம் பாதியாகிவிடும். அந்தப் பகுதிகள் வீடியோவில் எங்கே இருக்கின்றன என்று எடிட் செய்த உங்களுக்குத் தெரியும், பட்டைக்குத் தெரியாது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சதவீதமும் மீதி நேரமும் கிடைக்காது, வேகம் 1.5 மடங்கு என்பதுபோலக் காட்டும். 90 நிமிட வீடியோவை 1.5-ஆல் வகுத்தால் 60 நிமிடம்.

ஆறாம் படி: நூறு வந்த பிறகு

100 சதவீதம் என்றால் சாஃப்ட்வேர் தன் வேலையை முடித்துவிட்டது. வாடிக்கையாளரின் வேலை முடிந்ததா என்று நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் எழுதிவைத்த ஜி.பி.யையும் ஃபைல் எண்ணிக்கையையும் புதிய ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கோ ‘ஸ்கிப்’ ஆகியிருக்கிறது. பழைய பென் டிரைவ்கள் எஃப்.ஏ.டி. 32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் போகாது. கல்யாண வீடியோதான் பெரும்பாலும் விட்டுப்போகும். தொடக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என்று மூன்று ஃபைலைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். பிறகு முறையாக எஜெக்ட் செய்து கையில் கொடுங்கள்.

ஏழாம் படி: நோட்டு

கவுன்ட்டரில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, என்ன வேலை, எத்தனை ஜி.பி., எத்தனை ஃபைல், எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு, எந்த போர்ட், நீங்கள் சொன்ன நேரம், உண்மையில் ஆன நேரம். வாடிக்கையாளர் பெயர் இந்த நோட்டில் வேண்டாம், டிஸ்க்கின் மாடலும் பில் எண்ணும் போதும். சில வாரங்களில் உங்கள் கடையின் இரண்டு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி வேகம் இருப்பது தெரிந்துவிடும். ‘காப்பிக்குக் கால் பங்கு கூட்டுவது போதுகிறது, பென் டிரைவுக்குப் பாதி கூட்ட வேண்டியிருக்கிறது’ என்று உங்களுக்கே பிடிபடும்.

இன்னொரு பயனும் உண்டு. அதே போர்ட்டபிள் டிஸ்க் ஆறு மாதம் கழித்துத் திரும்ப வரும். பழைய வரியைத் தேடி எடுங்கள். அதே அளவு டேட்டாவுக்கு, அதே போர்ட்டில், இப்போது இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது என்றால் காப்பியைத் தொடரும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நிலுவைச் செக்டர் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, இன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.